நாலாவது பார்ட்டில் புல்லாங்குழல்

ஓசூர்
8.10.2006

அன்புள்ள ஆனந்தராஜுக்கு, திம்மப்பன் எழுதுவது.

இங்கே மாதேஸ்வரியும் மகளும் நன்றாக இருக்கிறார்கள். நான் நன்றாக இருக்கிறேனா என்பது என்னைவிட உனக்குத்தான் தெரிந்திருக்கும் போலிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். போனில் கேட்டால், மஸ்கட்டில் இருந்துகொண்டு லைன் சரியில்லை என்று நழுவிவிடுவாய்.

ஆயுத பூஜைக்குச் சூளகிரியில் ஒரு கம்பெனியில் நம் ஆர்க்கெஸ்ட்ரா. மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, லாரி நிற்கிற இடத்தில் மேடை போட்டிருந்தார்கள். வழக்கம்போல் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று கலந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு பாட்டின் நடுவில் எனக்கு இருமல் வந்துவிட்டது. குழலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் ஸ்பீக்கரில் குழல் நிற்கவில்லை. நான் இருமிக்கொண்டு நிற்கிறேன், என் வாசிப்பு மட்டும் அருமையாகக் கேட்கிறது! முன்வரிசை சூப்பர்வைசர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மானம் போய்விட்டது.

கீபோர்டில் உன் இடத்துக்கு வந்த ஜெகதீஷ் மேல்தான் முதலில் சந்தேகம். வந்த நாள் முதல் ட்ரூப் ஓனர் நல்லுசாமி அண்ணனோடு தனியாகப் போய் டீ குடிக்கிறான். குழலையும் கீபோர்டிலேயே வாசித்து என்னைக் கழற்றிவிடத் திட்டம் என்று நினைத்தேன். ரிகர்சலுக்கு முன்பே போய், அவனைப் பிடித்து, கீபோர்டில் ஒவ்வொரு பாட்டாகக் காட்டச் சொன்னேன். உனக்குத் தெரியாததா, ஒவ்வொரு பாட்டுக்கும் நாலு வாத்தியச் சத்தத்தைப் பார்ட் பார்ட்டாக அடுக்கியிருக்கிறது, கட்டையை அழுத்தினால் சேர்ந்தே ஒலிக்கும். முதல் பார்ட்டில் வயலின்கள், அடுத்ததில் பேஸ், அப்புறம் பியானோ. நாலாவதில் புல்லாங்குழல். இதெல்லாம் ஆனந்தண்ணன் குடுத்துட்டுப் போன பிளாப்பியில இருந்ததுங்கண்ணா, நான் கையே வெக்கலை என்றான். நான் நம்பவில்லை. அவனே செட் செய்த புதுப் பாட்டுகளையும் திறக்கச் சொன்னேன். அவற்றில் குழல் இல்லை.

அந்தப் புதுப் பாட்டுகளில்தான், என்னப்பா கொழல் சத்தம் மேலயே வரமாட்டேங்குது என்று நல்லுசாமி அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மைக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆக, வேலை உன்னுடையது. திருட்டு வேலையானாலும் நறுவிசாகச் செய்திருக்கிறாய். அந்த ஒரு பார்ட்டுக்கு மட்டும் வால்யூமைப் பாதிக்கும் கீழே இறக்கி, நான் நிற்கும் இடதுபக்க ஸ்பீக்கரிலேயே வரும்படி தள்ளி, என் மைக்குக்கு வைக்கிற அதே எக்கோவும் வைத்திருக்கிறாய். போதாதென்று, என் குழலில் வருவதுபோலக் கொஞ்சம் காற்றுச் சத்தத்தையும் கலந்திருக்கிறாய். உன் காலத்தில் நான் நிறுத்தினால் குழலும் நின்றது, அதனால்தான் நான் கண்டுபிடிக்கவில்லை. அப்படியென்றால் பாட்டு முழுக்க என் மூச்சையே பார்த்துக்கொண்டு வாசித்திருக்கிறாய்.

எப்போதிலிருந்து? பகல் வேலை பார்க்கிற கம்பெனியில் என்னைத் தூசி பறக்கிற கிரைண்டிங் செக்‌ஷனுக்கு மாற்றிய பிறகா, அதற்கும் முன்பா? வேறு யாருக்கெல்லாம் தெரியும்? நீ மஸ்கட்டுக்குக் கிளம்பும்முன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாய். நான் உள்ளே நுழைந்ததும் நீயும் மாதேஸ்வரியும் பேச்சை நிறுத்தினீர்கள். அதை வேறு மாதிரி நினைத்துச் சோறு இறங்காமல் கிடந்தேன். இப்போது யோசித்தால் அதுவே தேவலை போலிருக்கிறது. நீ போனதிலிருந்து அவள் பெங்களூர் டாக்டர், எக்ஸ்ரே என்று நச்சரிக்கிறாள். சொல்லிக்கொடுத்தது நீதானே?

கெலவரப்பள்ளித் திருவிழாவில் ஜனம் எழுந்து நின்று ஒன்ஸ் மோர் கேட்டதே, அது என் குழலா, உன் நாலாவது பார்ட்டா? வேண்டாம், அதை எழுதாதே.

வேறொன்று எழுது. தீபாவளிக்கு மறுநாள் கிருஷ்ணகிரியில் புரோகிராம். ஜெகதீஷ் கெட்டிக்காரன்தான், ஆனால் விரலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான். நான் எங்கே மூச்சு வாங்குவேன், இருமல் வரும்முன் என் தோள் எப்படித் தூக்கும் என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும். அதை அவனுக்குச் சொல்லிக்கொடு. புதுப் பாட்டுகளுக்கும் குழலை வைக்கச் சொல். நான் கேட்டதாக மட்டும் அவனுக்குத் தெரியவேண்டாம்.

அங்கே வெயிலும் புழுதியும் ஜாஸ்தி என்கிறார்கள். முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு வேலை செய். நீயாவது நல்ல மூச்சோடு நூறு வருஷம் இரு.

இன்னும் கோபம் தீராத,
திம்மப்பன்