யாஸ்மினுக்கு ஆறு பாடம்

அக். 6, திங்கள்

புழுக்கம். மழை வரும் வரும் என்று மூன்று நாளாகப் பயம் காட்டுகிறது, வரவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டது 9.10. தானாக அணைந்து மறுபடி எழுந்தது 9.16. அப்புறம் 9.31, 9.40. அதற்கு மேல் எண்ணவில்லை.

எழுந்தால் மட்டும் என்ன. என் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கின்றன. எதுவும் திறப்பதில்லை. போன வாரம் ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைச் செருகியதன் பலன். செருகியவள் நான்தான், வேறு யாரையும் திட்ட வழியில்லை.

உள்ளே இருப்பவை யாஸ்மினுக்காக நான் வாசித்துப் பதிந்த வரலாற்றுப் பாடங்கள், ஐந்து. ஆறாவது இன்னும் பதியவில்லை. அவளுக்குப் பார்வை கிடையாது, கேட்டுத்தான் படிக்க வேண்டும். பி.ஏ. இரண்டாம் வருஷம். அடுத்த திங்கள் பரீட்சை. நல்ல வேளை, முதல் நாலை விஜயதசமி அன்றே கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று.

மிச்சத்தைப் போனில் பதியேன் என்கிறார் இவர். போனில் இடம் எங்கே? இவருடைய அண்ணன் தினமும் அனுப்பும் காலை வணக்கம் ரோஜாக்கள். அழித்தால் மறுநாள் இரண்டு மடங்கு.

அக். 7, செவ்வாய்

வாங்க: அதிமதுரம், வெந்தயம், டார்ச்சுக்கு பேட்டரி. கேஸ் புக் செய்ய.

மந்தைவெளி ரிப்பேர் கடை குமார் வந்தார். அரை மணி நேரம் உச்சுக்கொட்டினார்.

"இன்னா மேடம், உள்ள ஒரே வைரஸா கீது. எல்லாத்தியும் அழிச்சிட்டு புச்சா போட்டாதான் உண்டு."

"அஞ்சு பாடம் இருக்கே. எடுக்க முடியாதா?"

"எடுத்தா வைரஸும் கூடவே வரும். வேற காப்பி கீதா?"

நாலு யாஸ்மினிடம் இருக்கிறது. ஐந்தாவதை மறுபடி வாசித்தால் போகிறது. அழியுங்கள் என்று சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் மத்தியானத் தூக்கத்தை விட்டுப் பதிந்தது.

அக். 8, புதன்

புதிதாகப் போட்டும் அதே கதை. ஐந்தாம் பாடம், ஏழாம் பக்கம், அணைந்தது. முதலிலிருந்து. பதினோராம் பக்கம், அணைந்தது. கோபத்தில் மேசையை ஓங்கி அடித்தேன். உடனே மறுபடி. எனக்கும் அதற்கும் பூர்வ ஜன்மப் பகை போல.

குமாருக்குப் போன். "டி.நகர்ல ஒரு வேலையா கீறேன் மேடம். வெள்ளிக்கெழம வரேன்."

யாஸ்மின் வீட்டுக்கும் போன். அவள் அம்மா பானு எடுத்தாள். "படிச்சிக்கிட்டு இருக்கா மேடம்." அவ்வளவுதான். பாடம் கேட்டேன், நன்றாக இருந்தது என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நன்றி வேண்டாம், கிடைத்தது என்றாவது. எரிச்சலாக இருக்கிறது.

அக். 10, வெள்ளி

நேற்று எழுதவில்லை. நேற்று அணைந்தது பதினான்கு தடவை.

குமார் கம்ப்யூட்டர் பெட்டியின் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். குண்டூசி கேட்டார். சுரண்டச் சுரண்ட மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது.

"வைரஸ் அன்னிக்கே பூட்ச்சி மேடம். இது சந்தனம். ரீஸ்டார்ட் பட்டன் சந்துல காஞ்சிபோயி, பட்டன் பாதி அமுங்கியே கீது. டேபிள் ஆடுனா போதும், அணைஞ்சிரும்."

ஆயுத பூஜை. இவர் கைவரிசை. ஃபிரிட்ஜ், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, எதையும் விடாமல் பொட்டு வைத்தார்.

"நல்லதுக்குத்தானே வெச்சேன்" என்கிறார். "நட்ட நடுவுல வெச்சா அழகா இருக்கும்னு பாத்தேன். அங்க போய் பட்டன் இருந்தா நான் என்ன செய்ய?"

குமார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மத்தியானம் ஐந்தாம் பாடம் ஒரே மூச்சில் முடிந்தது.

அக். 11, சனி

தூறல். ஆறாம் பாடம் முடிந்தது 11.20. புதுப் பென் டிரைவில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் ராயப்பேட்டை. போகும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

யாஸ்மின் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். காலேஜில் கொடுத்த லேப்டாப் அலமாரி மேல் இருந்தது. பானுதான் சொன்னாள்.

"நீங்க குடுத்த பென் டிரைவப் போட்ட அன்னைக்கே அது போயிடிச்சு மேடம். ஒரு பாடம்கூட தொறக்கல. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா."

ஜெராக்ஸ் கடையில் செருகிய அதே பென் டிரைவ். ஒன்பது நாளாக அவள் ஒரு வரி கேட்கவில்லை. என்னிடம் இருந்ததையும் நானே அழிக்கச் சொன்னேன். முதல் நாலு பாடம் இப்போது எங்குமே இல்லை. புதன்கிழமை இந்த நோட்டில் அவளைப் பற்றி எழுதியதைப் படிக்க வெட்கமாக இருக்கிறது.

"ஏம்மா சொல்லல?"

"நீங்க சும்மாவே இவ்ளோ செய்றீங்க ஆன்ட்டி. இத வேற எப்டி சொல்றது."

ஐந்தும் ஆறும் கையில் இருந்தும் போட்டுக் கேட்க அந்த வீட்டில் ஒன்றுமில்லை. இருப்பது ஒரு பட்டன் போன்.

அக். 12, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே புத்தகத்தோடு யாஸ்மின் வீடு. ஆறு பாடத்தையும் நேரில் வாசிப்பதாக ஏற்பாடு. இரண்டு பக்கம் போனதும் என் கையைத் தொட்டாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் மெதுவா."

"ரெக்கார்டிங்லயும் வேகமாவா இருக்கும்?"

தயங்கினாள். "மொத வருஷத்துலேந்தே அப்டித்தான் ஆன்ட்டி. நிறுத்தி நிறுத்தி மூணு நாலு தடவ கேப்பேன்."

ஒரு வருஷத்துக்கு மேல். அவள் சொல்லவில்லை, நானும் ஒரு தடவை கேட்கவில்லை.

இப்போது மணி இரண்டு. அவள் தொழுகைக்குப் போயிருக்கிறாள். பானு டீ வைத்துவிட்டுப் போனாள். தொண்டை கட்டிவிட்டது. முடிந்தது இரண்டு பாடம், மீதி நாலு. விடிந்தால் பரீட்சை. வேகமாக வாசிக்கவும் முடியாது.