சன்னலில் காய்ந்த சிவப்புப் போர்வை

பாரிஸ், ஜூலை 1914

அன்புள்ள உர்பேன்,

நீங்களும் உங்கள் முட்டிவலியும் நலமா? ஒரு வெட்கக்கேடு. சிவப்புப் போர்வையைத் துவைத்துச் சன்னலில் போட்டேன். பட்டாள அணிவகுப்பு பார்க்க வந்த கூட்டம் அதைச் செங்கொடி என்று நினைத்துவிட்டது.

“ஜெர்மன்காரன் கைக்கூலி! வெளியே வாடா!”

நான் சமையல் வேலை பார்க்கும் வீட்டுச் சோசலிச ஐயா, புரட்சியின் வரலாறு எழுதிக்கொண்டிருந்தவர், எட்டிப் பார்த்தார். “எடுக்காதீங்க சிடோனி, இன்னும் ஈரமா இருக்கு.”

அடுத்த வாரம் போர் வேண்டாமென்று பேசப்போகிறார். தனியாகத்தான் நடந்து போவார். அவர் பேச்சு எடுபடாவிட்டால் படைமுகாமில் இருக்கும் நம் பையன் லெயோன்ஸ்தான் முதலில் எல்லைக்குப் போவான். உங்கள் பூண் போட்ட கைத்தடியை ஐயாவுக்கு அனுப்புங்கள். கொஞ்சம் பூண்டும்; இங்குள்ளதில் வீட்டு வாசமே இல்லை.

கவலை வேண்டாம். ஒரே ஒரு கல்தான் உள்ளே வந்தது. சூப்புப் பானையில் விழுந்தது. ஆம்லெட் சாப்பிட்டோம்.

உங்கள் சிடோனி