றஊப் ஒப்புக்கொண்ட களவு

1982 மார்ச் 2, செவ்வாய்

காலையில் பட்டறைக்கு இரண்டு இன்ஜின் வந்தன. ஒன்றுக்கு றிங் தேய்ந்துவிட்டது. மற்றதில் பழுதில்லை, எண்ணெய்தான் இல்லை.

மத்தியானம் றஊப்புக்குக் கடிதம். ஆசிரியர் நியமனத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். களவு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் என்று பொலிஸ் அறிக்கை போயிருக்கிறது. வாசித்துவிட்டு மடித்தான். "கள்ளனிட்ட ஆரு மச்சான் புள்ளயளப் படிக்க உடுவாங்க" என்று சிரித்தான். என் மனைவி ஹாஜறாவின் தம்பி. அவளைப் போலவே ஒரு பக்கத்தால்தான் சிரிப்பான்.

ஆறு மாதமாக நான் யாருக்கும் ஒன்றும் சொல்வதில்லை.

மார்ச் 4

இது ஹாஜறாவுக்கு வந்த சீதன வீடு. அவள் இல்லை, பிள்ளையும் இல்லை. நான் சாய்ந்தமருதுக்கு, என் உம்மாவிடம் போவதுதான் முறை. ஹாஜறாவின் உம்மாவான மாமியிடம் சொன்னேன்.

"நீங்க போனா நான் ஆருக்கு மனே மீன் வாங்குற?" என்றார்.

மார்ச் 9

றஊப்பைக் கூட்டிக்கொண்டு, வழக்குப் பேசும் பிறக்கிராசியாரிடம் போனேன். ஒப்புக்கொண்ட வழக்குக்கு அப்பீல் கிடையாதாம். கொழும்புக்கு மீளாய்வு மனு போடலாமாம். ஆனால் செய்யாத களவை ஏன் ஒப்புக்கொண்டான், இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை, இரண்டுக்கும் சத்தியக்கடதாசி வேண்டும்.

என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்டைக்கு நடந்தது உமக்குத்தான் தெரியும். நாள், மணியோட எழுதிக்கொண்டு வாரும்."

மார்ச் 10

எழுதவில்லை.

மார்ச் 11

எழுதவில்லை. ஒரு காபரேட்டரைக் கழற்றிப் பூட்டினேன். அதில் பழுது இருக்கவில்லை.

மார்ச் 13

பம்பிலிருந்து தொடங்கினால் எழுத முடிகிறது.

போன வருஷம் மார்ச்சில், செத்துப்போன இரண்டு பம்புகளை உடைத்து ஒரு தண்ணிப் பம்பு செய்தேன். பச்சைப் பெயின்ட். கடதாசி ஒன்றும் இல்லை. மே மாதம் றஊப் அதைச் சைக்கிளில் கட்டி, வயலில் ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோனான். வழியில் பொலிஸ் பிடித்தது. முந்தின கிழமை தம்பிலுவிலில் கனகரெத்தினம் என்பவரின் பச்சைப் பம்பு களவு போயிருந்தது. நான் செய்தது என்றேன். கடதாசி கேட்டார்கள். றஊப்பைப் பிணையில் விட்டார்கள்.

கோட்டில் வழக்கு விளக்கத்தின்போது பம்பின் விசிறி மூடியைக் கழற்றிக் காட்டலாம் என்றிருந்தேன். நான் செய்யும் எல்லாவற்றிலும் மூடிக்கு உட்பக்கம் தேதி கீறியிருக்கும். கீறுவது ஹாஜறா. என் எழுத்து அவளுக்குப் பிடிக்காது.

விளக்கத் தவணை செப்டெம்பர் 7.

செப்டெம்பர் 7. ஹாஜறாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். காலை 5.40. நான் அவளுடைய கையைப் பிடித்தபடி மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்?

ஜனாஸா அடக்கம் லுஹருக்கு, பகல் தொழுகையோடு. பெண்ணைக் கபுறில் இறக்குவது சொந்த ஆண்கள். மாமா உயிரோடு இல்லை. நானும் றஊப்பும்தான். அவன் விடியுமுன்பே கோட்டுக்குப் போய்விட்டான், தன் ராத்தா ஹாஜறா தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு. நான்தான் ஆள் அனுப்பினேன். என்ன சொல்லி? "என்னத்தையாவது சொல்லி முடிச்சுப்போட்டு வா." அதான் நான் சொன்ன சொல்லு.

வழக்குப் பின்னேரம்தான் வருமாம். ஒப்புக்கொண்டா முதல்ல எடுப்பாங்க எண்டு பக்கத்தில நிண்ட ஆரோ சொல்லியிருக்காங்க. ஒப்புக்கொண்டுட்டான். ஆறு மாத மறியல் தண்டனை, ஜெயிலுக்குப் போகாம ஒத்திவைச்சது. பதினொன்றரைக்கு ஓடிவந்தான், சேட்டெல்லாம் நனைஞ்சு. கால் பக்கம் அவன் பிடிச்சான். தலைப் பக்கம் நான்.

அதுக்குப் பிறகாவது கோட்டுக்குப் போய் உண்மையச் சொல்லியிருக்கலாமே. நான் சும்மா இருந்தன். அவனும் எனக்காகச் சும்மா இருந்தான்.

மார்ச் 16

பிறக்கிராசியார் வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பம்பு இப்போது கனகரெத்தினத்திடம். வழக்கு முடிந்ததும் அவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

"கிராம சேவகர வச்சு, கனகரெத்தினத்தையே மூடியைத் திறக்கச் சொல்லும். நீர் கை வைக்க வேணாம்."

மார்ச் 20, சனி

கிராம சேவகரையும் கூட்டிக்கொண்டு நானும் றஊப்பும் தம்பிலுவில் போனோம். கத்தரித் தோட்டத்தில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை வைத்தே தெரிந்தது, என்னுடையதுதான்.

கனகரெத்தினத்துக்கு ஐம்பது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார். "என்ட பம்பு அரை மணித்தியாலத்தில நெருப்பாக் கொதிக்கும் தம்பி. இது பகல் முழுக்க ஓடுது. எனக்கு அப்பவே விளங்கிற்று. கோட்டால தந்தத வேணாமெண்டு சொல்ல ஏலுமா?"

"ஓம் ஓம்," என்றான் றஊப். "எனக்கு மறியல், உங்களுக்குக் கத்தரிக்காய்."

கிராம சேவகர் சிரித்துவிட்டார். கனகரெத்தினம் சிரிக்கவில்லை. பம்பை நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்து, ஆணிகளை அவரே கழற்றினார். மூடியின் உட்பக்கத்தை மண்ணெண்ணெய்ச் சீலையால் துடைத்தார்.

ஹா. 14.3.81.

அதற்குக் கீழே, நான் கண்டேயிராத ஒரு வரி:

சோறு ஆறுது.

அன்றைக்கு அவள் கீறித் தந்ததைப் பார்க்காமலே பூட்டியிருக்கிறேன். எத்தனை தரம் கூப்பிட்டிருப்பாள்.

"ஆருட எழுத்து தம்பி?"

"என்ட பொஞ்சாதிர."

வாய்க்காலில் முகம் கழுவப் போனேன். திரும்பி வர முடியவில்லை. றஊப் வந்து பக்கத்தில் குந்தினான். திரும்பும்போது சைக்கிளில் ஒரு பை கத்தரிக்காய் கட்டியிருந்தது.

மார்ச் 24

"கீழ் வரியும் வேணுமா சேர்?" என்று கேட்டேன்.

"இருக்கிறதெல்லாம் எழுதத்தான் வேணும். ஆனா இத இங்கிலீசில என்னெண்டு எழுதுற?" பிறக்கிராசியார் பேனையை வைத்துவிட்டு யோசித்தார்.

"ராத்தா கத்துற மாதிரி எழுதுங்க," என்றான் றஊப்.

கொழும்பில் பெரிய நீதவான்மார் இருந்து அதை வாசிக்கப் போகிறார்கள். கனகரெத்தினமும் சத்தியக்கடதாசி தந்தார்.

ஒக்ரோபர் 12

கொழும்பிலிருந்து கட்டளை வந்தது. ஒப்புதல் செல்லாது. தண்டனை ரத்து. வழக்கைத் திரும்ப விசாரித்து விளங்க வேண்டும்.

"அப்ப இன்னும் கள்ளன்தானா?" என்று மாமி கேட்டார்.

"இல்ல மாமி. இனித்தான் கேப்பாங்க."

"இவ்வளவு நாளும் கேக்காமலா?"

டிசம்பர் 6

கனகரெத்தினம் கூண்டில் ஏறி, "இது என்ட இல்ல ஐயா" என்றார். மூடியைக் கையில் வாங்கி நீதவான் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். றஊப் விடுதலை. பம்பையும் எங்களிடம் தந்தார்கள்.

வீட்டில் மாமி மூடியை மடியில் வைத்து, விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

1983 ஜனவரி 17, திங்கள்

றஊப் இன்று பள்ளிக்கூடம் போனான், படிப்பிக்க. வெள்ளைச் சேட்டு. மாமி வாசலில் நின்று ஓதி ஊதிவிட்டார். சாய்ந்தமருதுக்குப் போகும் கதையை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. இன்றைக்குப் பாரை மீன்.

கனகரெத்தினத்துக்குப் பம்பு இல்லையே. பழைய சாமான்களைச் சேர்த்து ஒன்று செய்துகொண்டிருந்தேன். இன்று முடிந்தது. தேதியை நானே கீறினேன். பள்ளிக்கூடத்தால் வந்த றஊப் எட்டிப் பார்த்தான். "கோழி கிளறின மாதிரி இருக்கு மச்சான். நாளைக்கு என்ட வகுப்பில வந்து இருங்க."

அவன் உள்ளே போனபின் தேதிக்குக் கீழே இன்னும் ஒன்று கீறிவிட்டு மூடியைப் பூட்டினேன்.

திண்டுட்டன்.