அப்பாவுக்குக் கிடைத்த ஸ்டியரிங்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் உனக்குத் தனியாகக் கடிதம் போடுகிற நிலையில் இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர எனக்கும் வேறு வழியில்லை.

நம் குடியிருப்புச் சங்கத்தில் ஸ்டியரிங் கமிட்டி என்று ஒன்று ஆரம்பித்து அப்பாவையும் சேர்த்துவிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டின மனுஷனிடம் ஸ்டியரிங் என்று சொன்னால் கேட்க வேண்டுமா, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிட்டார். அங்கே போனால் ஸ்டியரிங்கும் இல்லை பிரேக்கும் இல்லை, ஹாரன் மட்டும் ஏழு பேர். வாசல் கேட்டுக்கு என்ன பெயிண்ட் என்று நாலு கூட்டம் பேசினார்கள், கேட் இன்னும் துருவாகவே நிற்கிறது. அப்பா வாயைத் திறந்தால், பஸ் ஓட்டுவது வேறு நிர்வாகம் வேறு என்று தலைவர் உட்கார வைத்துவிடுவாராம்.

இவருக்கு மனசு ஆறவில்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிற மாடிவீட்டு அக்காவிடம் போய் அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டிருக்கிறார். அவள் தலையணை கனத்துக்கு ஒரு அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னாளாம், அந்தக் காலத்தில் கப்பலின் பின்பக்கம் வலது ஓரமாக ஒரு பெரிய துடுப்பு இருக்கும், அதைப் பிடித்துக் கப்பலைத் திருப்புகிற வேலைக்குத்தான் ஸ்டியர் என்று பேர், அந்த ஸ்டியரே ஸ்டார் என்று மருவித்தான் கப்பலின் வலது பக்கத்தை இன்றைக்கும் ஸ்டார்போர்டு என்கிறார்கள் என்று. அதே எழுத்தில் இன்னொரு ஸ்டியர் உண்டாம், அதற்குக் காயடித்த காளை என்று அர்த்தமாம், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லையாம். உங்கள் கமிட்டிக்கு எந்த அர்த்தம் என்று நான் கேட்டதற்கு, பேப்பரைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். கவர்ன்மெண்ட் என்கிற வார்த்தைகூட கிரேக்க மொழியில் சுக்கான் பிடிக்கிற வேலையிலிருந்துதான் கிளம்பி வந்ததாம். அப்புறம் நிர்வாகம் வேறு டிரைவர் வேலை வேறு என்று எவன் சொன்னது என்று அன்றைக்குப் பூராவும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

போன வியாழக்கிழமை காலையில் அஞ்சாவது கூட்டம். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தால் யார் பொறுப்பு என்று பேசிக்கொண்டிருந்த தலைவரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் என்னவோ சீக்கிரம் வந்துவிட்டது, ஆனால் வீடு காலி செய்கிறவர்களின் லாரி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, டிரைவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். அடுத்தவர் வண்டியை அனுமதி இல்லாமல் தொடலாமா என்று செயலாளர் கேட்டு முடிப்பதற்குள் அப்பா ஏறிவிட்டார். கண் ஆபரேஷன் ஆன பிறகு ரெண்டு வருஷமாக எந்த வண்டியையும் தொடாத மனுஷன், கையகலம்கூட மிச்சமில்லாத சந்தில் அவ்வளவு பெரிய லாரியைப் பின்பக்கமாகவே எடுத்துக்கொண்டு போனார். பால்கனியில் நின்ற எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கீறல் இல்லை. இறங்கி வந்தவர் கசங்கின சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

தலைவர் பிழைத்துக்கொண்டார், இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர். திங்கட்கிழமை கமிட்டியிலிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது, நன்றி சொல்லத்தான் என்று பிரித்தேன், தீர்மானம் இல்லாமல் வெளியார் வாகனத்தை இயக்கியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அப்பா அதை மடித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தலைவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சந்தில் எப்படிங்க ரிவர்ஸ் எடுத்தீங்க என்று கேட்டாராம். மாத்திரை டப்பாவை லாரியாக வைத்து இவர் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டிவிட்டு வந்திருக்கிறார்.

போன கடிதத்தில் நீ, இந்த வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகவா வேண்டாமா, அப்பாவே முடிவு சொல்லட்டும் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துக் காட்டினேன். அதற்கு அப்பா, "வண்டியில நான் இல்லையே, அவ கண்ணுக்குத்தானே ரோடு தெரியும்" என்றார். நான் எந்தக் கமிட்டியிலும் இல்லாததால் தைரியமாகச் சொல்கிறேன், போ.

எங்கே இருந்தாலும் மகராசியாக இரு, நினைத்தது நடக்கட்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே.

உன் முடிவைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிற,
அம்மா