அக்கா பேரில் நான் கொடுத்த பரிசோதனை

மார்ச் 3, திங்கள்
விடியலிலிருந்து மழை. நமுனுகுல மலையே தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு. அக்காவோடு பதுளை ஆஸ்பத்திரி. சதைத் துண்டு ரிப்போர்ட் வந்துவிட்டது. கருப்பை வாய்ப் புற்று. அக்காவுக்கு 37. லேடி டொக்டர் மெதுவாகத்தான் சொன்னார். அக்கா கேட்டது ஒன்றுதான்: "நாளைக்குக் கொழுந்து பறிக்கப் போகலாமுங்களா?"

வாங்க: சோப், நாப்கின் 2 பாக்கெட், இரும்புச்சத்து மாத்திரை. குடை கம்பி ஒடிந்துவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்
பத்தாம் வகுப்புக்கு மரபணுப் பாடம். பாதியில் நிறுத்திவிட்டேன்.

பஸ்ஸில் போனில் வாசித்தது: இந்தப் புற்றைக் கொண்டுவரும் வைரஸ் தன் இரண்டு மரபணுக்களை நம் உடற்கலத்துக்குள் செருகிவிடுகிறதாம். அவைதான் கலத்தைச் சாக விடாமல் பெருக்குகின்றன. அந்த இரண்டை மட்டும் தேடிக் கத்தரித்தால் புற்றுக் கலம் தானே செத்துப்போகும். இதைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை சந்தோஷமாக இருந்தேன். பைத்தியக்காரி.

மார்ச் 6, வியாழன்
டொக்டரிடம் கேட்டேன். "நானும் வாசிச்சிருக்கேன் டீச்சர். எலியில சரி வந்துருக்கு. மனுசருக்கு இன்னும் சோதனை அளவுலதான். உங்கக்காவுக்கு இப்பக் கதிரும் மருந்தும்தான்."

பிறகு பழைய கிளினிக் அட்டையைப் புரட்டினார். "ரெண்டு வருசத்துக்கு முன்ன வைரஸ் இல்லைன்னு இருக்கே. அதுக்குள்ள இவ்வளவு வராதே. சதைத் துண்டு மாறிப்போச்சோ என்னவோ. திரும்ப எடுத்துப் பார்ப்போம், ரெண்டு மூணு வாரம் பொறுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். இரண்டு வருசத்துக்கு முன் கிளினிக்கில் அக்கா பேரில் பரிசோதனைக்குப் படுத்தது நான். கொழுந்து நிறைய வந்த நேரம். கிளினிக்குக்குப் போனால் அக்காவுக்கு அரைப் பேர், பாதி நாள் சம்பளம்தான். வெட்கம் வேறு. "நீ படிச்சவ, உனக்கென்ன கூச்சம். என் பேரச் சொல்லிட்டு வாடி." புது மருத்துவிச்சிக்கு தோட்டத்து லயன் வீட்டு முகங்கள் பழக்கமில்லை. அக்கா அட்டையில் என் உடம்பின் ரிசல்ட். அப்போதே தெரிந்திருந்தால், புற்றாகுமுன் அந்த இடத்தை அங்கேயே சுட்டு எடுத்து அனுப்பியிருப்பார்கள். நான் சயன்ஸ் டீச்சர். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் 8, சனி
வெயில். அக்கா இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். அக்கா பீலிக்கரையில் துணி துவைக்கிறாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. திட்டுவாள் என்று பார்த்தால், "அதச் சொல்லிப்புடாத. ஒன் வேலைக்கு ஏதாச்சும் வந்துரும்." கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. சொல்லாவிட்டால் மூன்று வாரம் போகும். நோய் மூன்று வாரம் சும்மா இருக்குமா?

பாகற்காய் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 10, திங்கள்
சொல்லிவிட்டேன். அக்காவும் கூட இருந்தாள். டொக்டர் திட்டவில்லை. "அப்ப ரிப்போர்ட் சரிதான். கதிருக்கு இந்த வாரமே அனுப்புறேன்." எழுதிக்கொண்டே கேட்டார்: "இப்பிடி ஆள் மாறிப் படுத்தது நீங்க மட்டுந்தானே?"

ஆமாம் என்றேன், அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"இல்லீங்க," என்றாள் அக்கா. "எங்க தோட்டத்து டிவிசன்ல அன்னைக்கு என்னோடத விட்டுப் பதினோரு அட்டைங்க. போனது நாலு பேருதான். அவங்களே மாத்தி மாத்தி உள்ள போனாங்க."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். "மத்த ஏழு பேரும்?"

"அவங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்லன்னு கடுதாசி வந்துருச்சுங்க."