அணைத்துப் பார்க்காத கணினி

அன்புள்ள அப்பாவுக்கு,

மேலாளர் செய்த தப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பயப்படாதீர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் சொன்னால் அம்மா காதில் விழுந்துவிடும், அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன்.

கணினியைப் போட்டதும் முதலில் ஓடி, மற்றதையெல்லாம் எழுப்பிவிடும் சின்ன நிரல் ஒன்று உண்டு. அதைச் சோதிப்பதுதான் என் வேலை. புது நிரல், நினைவகத்தில் தான் எதுவும் எழுதாத இடத்தைப் படித்து, அதை நம்பி ஓடுகிறது. எங்கள் அறையில் கணினிகளை அணைப்பதே இல்லை, ரீஸ்டார்ட் மட்டும்தான். கரண்டை நிறுத்தினால்தான் நினைவகம் அழியும்; ரீஸ்டார்ட்டில் பழைய தகவல் அங்கேயே கிடக்கும், கோளாறு தெரியாது.

"ஒரு தடவை கரண்டை நிறுத்திப் பாத்துடலாம் சார்" என்றேன் மேலாளரிடம்.

"உனக்கு வேற வேலை இல்லையா? இன்னிக்கே அனுப்பியாகணும்" என்றார்.

அனுப்பினார்கள். அதை வாங்கிய ஆஸ்பத்திரிகளில் இரவு அணைத்துவிட்டுப் போன கணினிகள் மறுநாள் எழவே இல்லை.

சோதிக்காமல் விட்டது நான்தான் என்று அவர்களே எழுதிவைத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் இனி எவனும் வேலை தரமாட்டான். போடாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு வேலையும், அதை நம்பி இருக்கும் விசாவும் போய்விடும். மூன்று நாளாக என்னோடு சாப்பிட யாரும் உட்காரவில்லை. அம்மாவை நாளைக்கு எனக்குப் போன் செய்து எதற்காவது என்னைத் திட்டச் சொல்லுங்கள், காரணம் சொல்லாதீர்கள்.

கிளம்பும்போது, "யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கோ" என்றீர்கள். இத்தனை நாள் ஆட்டினேன். இப்போது "கையெழுத்துப் போடாதே" என்று நீங்கள் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் அப்பா.