கோட்டுப் போட்டுச் சொன்ன பதில்

டயகம, 2004 ஜூலை, ஞாயிறு இரவு

மகள் மலருக்கு மருத்துவபீடத்தில் படிப்பிக்கும் டொக்டர் அம்மா, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வருகிறார் என்று கல்யாணக் கோட்டைப் போட்டு உட்கார்ந்தேன். பிரஷர் பார்க்கக் கோட்டுக் கை மடங்கவில்லை. கழற்றினால் உள்ளே சட்டை தோளில் கிழிந்திருக்கிறது. கூட வந்த மாணவர்கள் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்கள்.

தோட்டத்து ஆட்களின் பிரஷர் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதும் முன், கேள்விகளைக் கேட்டுப் பழக வந்திருந்தார்கள். என்னை மலர்தான் கேட்டாள்.

“பிரஷர் மாத்திரைய தெனமும் போடுறீங்களாப்பா?”

“ஒருநாள் தவறுனதில்லம்மா.”

அளந்தாள். நன்றாக ஏறியிருந்தது. “அப்பா பொய் சொல்றாரு மெடம்!”

யாழ்ப்பாணத்துக்காரரான டொக்டர் அம்மா சிரித்தார். “அவர் சொன்னதை அப்பிடியே எழுதும் பிள்ளை. அளவையும் எழுதும். ரெண்டும் ஏன் பொருந்தேல்லை எண்டு கேளும். காரணம் தெரியாமல் எழுதினால் ஒருத்தரும் காசு தரமாட்டினம்.”

“ஏம்ப்பா?” என்றாள் மலர்.

“சில நாளு மறந்துருது” என்று இறங்கி வந்தேன். ‘மறதி’ என்று எழுதிக்கொண்டாள். விண்ணப்பத்திலும் அதுவே போகும்.

கோட்டைக் கழற்றிய வெட்கமே போதும் என்று மற்றதைச் சொல்லவில்லை. அந்த மாத்திரையைப் போட்டால் ராத்திரியில் நாலு தரம் ஒன்றுக்குப் போக எழும்ப வேண்டும். கக்கூஸ், கடைசி லயத்துக்கும் அந்தப் பக்கம், மழையில்.